வார்னிங்கு கரையில்தான் திட்டுவார்

உலகத்தில் கம்ப்யூட்டரிடம் திட்டு வாங்காதவர் யாரும் இல்லை. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரைச் சுத்தமான சென்னைத் தமிழில் திட்ட வைத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் வார்னிங்கு.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், வெல்டிங் கம்பி விற்கும் கடைக்கு மேலே மாடியில் எங்கள் ஆபீஸ். மென்பொருள் கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடம், இலவசக் காபி என்று கற்பனை செய்பவர்கள் எங்கள் மாடிப்படியில் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும். கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் ஆடும், கூடவே நாங்களும் ஆடுவோம். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுதான் எங்களுக்குப் பெரிய வாடிக்கை. அங்கே பெட்டிகளைத் தூக்கி அடுக்க நீளமான கை வைத்த கிரேன் வண்டிகள் உண்டு. எடை மேடையிலிருந்து பெட்டியின் எடையை வாங்கி, வண்டியின் கையை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்று ஓட்டுநருக்குத் திரையில் சொல்வது எங்கள் புரோகிராம். எடையைத் தப்பாகச் சொன்னால் வண்டி முன்பக்கமாகக் குப்புற விழும்.

அந்த வண்டிகளில் ஒன்றை ஓட்டியவன் வார்னிங்கின் தம்பி. சின்னவன் என்று கூப்பிடுவார்கள். காசிமேட்டு மீனவர் குடும்பத்தில் அண்ணன் இன்ஜினியரிங் படித்தார், தம்பி லைசென்ஸ் எடுத்தான், இரண்டு பேருமே கடலுக்குப் போகவில்லை. ஆபீசில் எங்களுக்கெல்லாம் வாடிக்கையாளர் என்றால் ஒரு கம்பெனி. வார்னிங்குக்கு அது சின்னவன்.

மனிதரிடம் ஒரு வியாதி இருந்தது. யாராவது வெறும் எண்ணைச் சொன்னால் அவருக்கு உடம்பு எரியும். டீக்கடையில் நான் "மாஸ்டர், ரெண்டு" என்றால் போதும்.

"ரெண்டு இன்னா?"

"டீதாண்ணே. டீக்கடையில வேற என்ன கேப்பேன்?"

"வடைன்னு அவன் நென்ச்சிகினா? நீ சொன்னியா? மன்சுல கீறது அவனுக்கு எப்டி தெரியும் நைனா?"

டீ மாஸ்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தபடி இரண்டு டீயும் இரண்டு வடையும் வைப்பார். வடைக்கும் நான்தான் பணம் கொடுப்பேன்.

கல்மண்டபத்தில் ஷேர் ஆட்டோ பிடித்தால் இன்னும் மோசம். டிரைவர் "இருபது" என்பார். "இருபது இன்னா? ஒர்த்தருக்கா, ரெண்டு பேருக்குமா? இங்கேர்ந்து தேரடி வரிக்குமா, பாதில எறக்கி உடுவியா?" என்று வார்னிங்கு ஆரம்பிப்பார். உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் பெண்கள் மீன் கூடையோடு சேர்த்து எங்களையும் முறைப்பார்கள். ஏறிப் போகும்போது கேட்டுக்கொள்ளலாமே என்று ஒருநாள் சொன்னேன்.

"ஏறினப்பறம் கேட்டா அது சண்ட நைனா. ஏற்றதுக்கு மின்னாடி கேட்டா அது கேள்வி."

கல்லூரியில் எனக்கு நாலு வருஷம் புரியாத பாடம் அந்த ஷேர் ஆட்டோவில்தான் புரிந்தது. புரோகிராம் எழுதியதும் அது நேராக ஓடிவிடாது. நாம் எழுதியதை மெஷின் பாஷைக்கு மாற்ற கம்பைலர் என்று ஒன்று இருக்கிறது. ஓட்டுவதற்கு முன்பே அது வரி வரியாகப் படித்து, இது சரியில்லை என்று சொல்லும். அப்போது கேட்டுக்கொண்டால் கேள்வி. ஓடும்போது தெரிந்தால் சண்டை.

என் கல்யாணப் பேச்சிலும் அவர் இந்தக் கேள்வியைக் கேட்டார். எங்கள் வீடு கத்திவாக்கத்தில். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து அங்கே மளிகைக்கடை போட்டவர். பெண் வீடு கொருக்குப்பேட்டை. பெண்ணைத் தூரத்தில் கொடுக்க மாட்டோம் என்பது அவர்கள் கட்சி. தரகர் குழைந்துகொண்டு, "மாப்பிள்ளை வீடு இங்கேருந்து அஞ்சுதாங்க" என்றார். பெண்ணின் அப்பா முகம் மலர்ந்தது. துணைக்கு வந்திருந்த வார்னிங்கு கேசரியைக் கீழே வைத்தார்.

"அஞ்சு இன்னா? நிமிஷமா, ஸ்டேஷனா?"

ஸ்டேஷன்தான். சம்பந்தம் அங்கேயே இறங்கிப் போய்விட்டது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா, "யாருல இவனெக் கூட்டிட்டு வந்தது?" என்று கேட்டார். வார்னிங்கு பக்கத்திலேயே நின்றுகொண்டு, "நல்ல வேள, தாலி ஏற்றதுக்கு மின்னாடியே தெரிஞ்சிபோச்சி" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

இந்த வியாதியைத்தான் அவர் எங்கள் புரோகிராமுக்குள் ஏற்றினார். கம்ப்யூட்டருக்கு முப்பதாயிரம் என்றால் வெறும் முப்பதாயிரம். கிலோவா, பவுண்டா, அதற்குக் கவலை இல்லை. வார்னிங்கு முறுக்கு அச்சு மாதிரி ஒரு வார்ப்பு செய்தார். எடை என்று ஒரே அச்சு. அதில் கிலோவைப் போட்டால் கிலோவுக்கான கணக்கு வரும், டன்னைப் போட்டால் டன்னுக்கான கணக்கு வரும். தொழிலில் இதை டெம்ப்ளேட் என்பார்கள். கிலோ இருக்கும் இடத்தில் யாராவது பவுண்டை ஊற்றினால், புரோகிராம் ஓடுவதற்கு முன்பே அச்சு சத்தம் போடும். தப்பாக ஊற்றாதவரை வாயைத் திறக்காது. இது முக்கியம், பின்னால் தேவைப்படும்.

சத்தத்தில் இரண்டு வகை. ஒன்று எரர்: தப்பைத் திருத்தும்வரை புரோகிராம் உருவாகவே உருவாகாது. இன்னொன்று வார்னிங்: கம்பைலர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, உன் தலையெழுத்து என்று வழிவிட்டுவிடும். வார்னிங்கு எரர்தான் வைக்க வேண்டும் என்று மன்றாடினார். வேலை நின்றுபோகும் என்று மேலே மறுத்துவிட்டார்கள். சரி, வார்னிங்தான் என்று ஆனபின், அதை யாரும் தாண்டிப் போக முடியாதபடி செய்வது என்று முடிவுகட்டினார். 'இந்த வரி பழசாகிவிட்டது, இதைப் பயன்படுத்தாதே' என்று சொல்வதற்காக மொழியில் ஒரு வசதி உண்டு. பழசு என்று குறி போட்டு, பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பும் எழுதலாம். மனிதர் அந்தக் குறிப்பில்தான் தன் குடும்பச் சொத்தையெல்லாம் இறக்கினார்.

முதன்முதலில் மாட்டியவன் நான். சாப்பிட்டு வந்த அசதியில் கிலோ இருந்த இடத்தில் பவுண்டைப் போட்டேன். திரையில் மஞ்சள் எழுத்தில் வந்தது:

"இது பழசாகிவிட்டது: இன்னாபா, கிலோ குந்திகினு கீற எடத்துல பவுண்ட சொருவுற? கண்ணு இன்னா பொடணிலயா கீது?"

ஆபீஸ் மொத்தமும் என் நாற்காலிக்குப் பின்னால் கூடிவிட்டது. அன்று முதல் எங்கள் ஆபீசில் வார்னிங் படிக்காத ஆள் கிடையாது; அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. டன்னையும் கிலோவையும் குழப்பினால் ஒரு திட்டு, மீட்டரில் அடியை நுழைத்தால் ஒரு திட்டு. திட்டு வாங்குவதற்காகவே தப்பாக எழுதிப் பார்க்கிறவர்கள் கிளம்பினார்கள். அதையும் அவர் எதிர்பார்த்திருந்தார். எடையோடு தூரத்தைக் கூட்டுவது தெரியாமல் செய்கிற தப்பு இல்லை, வம்புக்கென்றே செய்ய வேண்டும். அப்படிச் செய்தால், "வேணும்னே தானே எய்தின? போயி வேலயப் பாரு கஸ்மாலம்" என்று வரும். சொன்னால் நம்ப மாட்டீர்கள், போய் வேலையைப் பார்த்தோம். அந்தக் காலத்தில் எங்களிடமிருந்து ஒரு தப்பான எடைகூட யார்டுக்குப் போகவில்லை.

ஏன் இப்படித் திட்ட வேண்டும், மரியாதையாகச் சொல்லக் கூடாதா என்று டீக்கடையில் ஒருநாள் கேட்டேன். அவர் வடையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்க வூட்ல ஒரு பயக்கம் கீது நைனா. லாஞ்சு கரைல கீற வரிக்கும் எம்மாம் வேணா திட்டலாம். டீசல் பாத்தியா, ஐஸ் ஏத்தினியா, கயிறு முடிச்சி போட்டியா, தடிமாடுன்னு எங்கம்மா எங்கப்பாவையே கிய்ச்சி தொங்க உடும். லாஞ்சு தண்ணில எறங்கிட்ச்சின்னு வெய்யி, அப்பால ஒரு வார்த்த பேசக் கூடாது. போனவன் திரும்பி வர்ற வரிக்கும் அவன திட்டக் கூடாது. தண்ணில கீறவன திட்டி இன்னா ஆவப் போவுது? அதான் எல்லாத்தயும் கரைலயே திட்டிட்றது."

"நம்ம புரோகிராம் என்ன கடலுக்கா போகுது?"

"சின்னவன் கைக்கு போவுதே."

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் இடத்துக்கு மேனேஜர் அனுப்புவது கம்பெனிகளின் குணம். எங்களுக்கும் ஒருவர் வந்தார். ஊரின் அந்தக் கோடியில் இருந்த ஹெட் ஆபீசிலிருந்து வந்ததால், திருவொற்றியூருக்கு வருவதை வெளிமாநிலத்துக்கு மாற்றல் ஆனதாக எண்ணிக்கொண்டார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு படியேறுவார். வந்த கொஞ்ச நாளில் வடநாட்டிலிருந்து ஒரு புது வாடிக்கையாளரை அழைத்துவந்து, பாதியில் இருந்த எங்கள் வேலையை, வம்புக்கு எழுதிய வரிகளோடு சேர்த்து, பெரிய திரையில் போட்டுக் காட்டினார். திரையில் வார்னிங்கின் குடும்பச் சொத்து வரிசையாக இறங்கியது. விருந்தாளிக்குக் கொஞ்சம் தமிழ் படிக்க வரும் என்பது யாருக்கும் தெரியாது.

அவர் எழுத்துக் கூட்டி, "கஸ்மாலம் மீன்ஸ் வாட்?" என்றார்.

"தட் இஸ் எ டெக்னிக்கல் டெர்ம், சார்" என்றார் மேனேஜர்.

அவர் போனதும் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார். தரம் என்றார், நாகரிகம் என்றார், இந்த ஏரியா பாஷை இனி ஆபீசுக்குள் வரக் கூடாது என்றார். அந்த ஏரியாவில் பிறந்தவர் எதிரே நிற்கிறார் என்ற கூச்சம் துளியும் அவருக்கு இல்லை. திட்டையெல்லாம் ஆங்கிலத்தில் மாற்றுவதற்கு ஹெட் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. வம்புக்கு எழுதிய வரிகளை நாங்கள் அதற்குள் அழித்திருந்தோம். அவர்கள் புரோகிராமைக் கம்பைல் பண்ணி, திரையில் வந்ததை மட்டும் துடைத்தார்கள். 'கண்ணு இன்னா பொடணிலயா கீது' இருந்த இடத்தில், அலகு மாற்றம் சில சூழ்நிலைகளில் விரும்பத்தகாததாக இருக்கக்கூடும் என்று பொருள்படும் ஓர் ஆங்கில வாக்கியம் வந்து உட்கார்ந்தது.

அந்த வாக்கியத்தை நாங்கள் ஒருவரும் படிக்கவில்லை. படிக்கக் கூடாது என்று யாரும் நினைக்கவில்லை. படித்து முடிப்பதற்குள் தூக்கம் வந்துவிடும், அவ்வளவுதான். ஒன்று பத்தாகி, திரை நிறைந்து வழிய ஆரம்பித்தது. மேனேஜருக்கு அதுவும் அசிங்கமாகப் பட்டது. வார்னிங் எதுவும் திரையில் வராமல் மறைத்துவிடச் சொன்னார்.

வார்னிங்கு அவர் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்ததால் ஆபீசுக்கே கேட்டது.

"சார், திட்டு வோணாம்னீங்க, எடுத்துட்டாங்க. சரி. இப்ப பேசவே வோணாம்ன்றீங்க. அதுவும் சரி. அப்ப எரர் வெச்சிட்றேன் சார். ஒண்ணும் பேசாது. நின்னுடும், அவ்ளோதான்."

"நின்னா டெலிவரி லேட் ஆகும். புது வாடிக்கையாளர் பவுண்டுல கேக்கறார், ரெண்டுல முடிக்கணும்."

"ரெண்டு இன்னா சார்?"

மறுநாள் மனிதரைப் புரோகிராம் பக்கமே வரவிடாமல், பயனர் கையேடு எழுதும் மேஜைக்கு மாற்றினார்கள். அவர் வைத்த திட்டுக்கெல்லாம் முன்னால் 'இது பழசாகிவிட்டது' என்று வருமே, அதை அவருக்கே ஒட்டிவிட்டார்கள். நானும் இன்னும் இரண்டு பேரும் போய்ப் பேசிப் பார்த்தோம். டீம் ஸ்பிரிட் பற்றி அரைமணி நேரம் கேட்டுவிட்டு வந்ததுதான் மிச்சம். வார்னிங்கு கையேட்டு மேஜையிலிருந்தபடியே, போகிற வருகிறவர்களிடம் "பவுண்ட எங்க ஊத்தினீங்க? கிலோ மேல ஊத்தலியே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஊற்றியவர்கள் காதில் இயர்போன் மாட்டியிருந்தார்கள்.

கிலோ மேல்தான் ஊற்றியிருந்தார்கள். எண்ணூர் யார்டுக்கும் புது வாடிக்கையாளருக்கும் ஒரே புரோகிராம்தான். எடை மேடை கிலோவில் அனுப்பியது. எங்கள் புரோகிராம் அதைப் பவுண்டு என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டது. அதனால் பெட்டியின் எடை திரையில் பாதிக்கும் குறைவாகத் தெரிந்தது. புதுப் பதிப்பு யார்டுக்குப் போன முதல் வாரமே, பட்டப்பகலில், சின்னவன் ஒரு பெட்டியைத் தூக்கினான். இன்னும் நீட்டலாம் என்று திரை பச்சை காட்டியது. நீட்டினான். வண்டி குப்புற விழுந்தது.

உயிர் தப்பியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கி, இனி மடங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். விசாரணை நடந்தது. ஓட்டுநரின் கவனக்குறைவு என்று முடிவு வந்தது. எங்கள் புரோகிராம் ஒரு வார்னிங்கூட இல்லாமல் சுத்தமாக உருவானது என்று எங்கள் மேனேஜர் பெருமையாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை. வாயைக் கட்டிப் போட்டுவிட்டு, அது ஒன்றும் சொல்லவில்லையே என்றால் யார் என்ன செய்வது.

ஆஸ்பத்திரிக்கு மேனேஜர் ஆப்பிள் பையோடு வந்தார். நாங்கள் நாலைந்து பேர் வராந்தாவில் நின்றிருந்தோம். இன்றைக்கு வார்னிங்கு இவரை உண்டு இல்லை என்று பண்ணப் போகிறார் என்று காத்திருந்தோம். மனதுக்குள் நான் வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம். மேனேஜர் எதிரே வந்து, "ரொம்ப வருத்தமா இருக்கு" என்றார். வார்னிங்கு ஆப்பிள் பையை வாங்கிப் பெஞ்சில் வைத்தார். "குந்துங்க சார்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அவர் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. "என்னண்ணே, எங்களை அத்தனை திட்டுனீங்க. இந்த ஆளை ஒரு வார்த்தை கேக்கலை?"

வார்னிங்கு வார்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாஞ்சு எறங்கிட்ச்சி நைனா. சின்னவன் இன்னும் கரைக்கு வர்ல."

அந்த மாதமே வேலையை விட்டுவிட்டார். அண்ணனும் தம்பியும் இப்போது மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் வியாபாரம் செய்கிறார்கள். சின்னவன் காலை நீட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான். வருகிறவர்கள் "ரெண்டு குடு" என்றால், உள்ளேயிருந்து "ரெண்டு இன்னா? முழு ஐஸ் பாரா, ஒடச்ச கூடையா?" என்று குரல் வருகிறது. மேனேஜருக்குப் பதவி உயர்வு கிடைத்து, மூக்குக்குக் கைக்குட்டை தேவைப்படாத இடத்துக்குப் போய்விட்டார். நான் அதே மாடியில்தான் இருக்கிறேன்.

போன மாதம் எண்ணெய் டாங்குகளுக்காக எங்கள் பழைய புரோகிராமில் லிட்டரைச் சேர்க்க வேண்டியிருந்தது. என் கம்ப்யூட்டரில் மட்டும் நான் வார்னிங்கை மறைப்பதில்லை. வார்னிங்கு செய்த அதே எடை அச்சில் முதன்முறையாக லிட்டரை ஊற்றினேன். அதுவரை அந்த அச்சில் யாரும் புது அலகு எதையும் ஊற்றியதில்லை. அதனால் அது வாயைத் திறந்ததும் இல்லை. திரையில் வந்ததை மட்டும் துடைத்தவர்கள் கையில் அது சிக்கவில்லை. மஞ்சள் எழுத்தில் வந்தது:

"இது பழசாகிவிட்டது: இன்னா நைனா, புச்சா இன்னாத்தயோ இட்டாந்துகிற? எடையா, அளவா, மொதல்ல கேளு. வண்டில சின்னவன் கீறான், பாத்து."

அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். பிறகு தப்பைத் திருத்தினேன். அந்த வார்னிங்கை மட்டும் யாரிடமும் கேட்காமல் எரராக மாற்றினேன். இனி அது சொன்னால் வேலை நிற்கும்.

மறுநாள் ஐஸ் கடைக்குப் போய்ச் சொன்னேன். சின்னவன் கல்லா அதிரச் சிரித்தான். வார்னிங்கு சிரிக்கவில்லை. சாக்கால் கையைத் துடைத்துக்கொண்டு, "அது இன்னுமா கீது? தூக்கிடு நைனா. வண்டில அவன் எங்க கீறான்?" என்றார்.

"வேற யாரோ வீட்டுச் சின்னவன் இருக்கான்ணே."

அவர் ஐஸ் உடைக்கப் போய்விட்டார்.

நான் தூக்கவில்லை. இன்னொன்றையும் தேடிப் பார்த்தேன், அதுவும் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸ் ரொம்ப மௌனமாக இருக்கிற நாட்களில், எடையோடு தூரத்தைக் கூட்டி ஒரு வரி எழுதுகிறேன். "வேணும்னே தானே எய்தின? போயி வேலயப் பாரு கஸ்மாலம்" என்று வருகிறது. ஆமாண்ணே என்று சொல்லிவிட்டு, அந்த வரியை அழித்துவிட்டு, வேலையைப் பார்க்கிறேன்.